ஈரோட்டு ராத்திரி பரோட்டாவும் ஒரு பெஞ்சின் வரலாறும்

1. போன திங்கக்கிழமை ராத்திரி நானும் என் காலேஜ் நண்பனும் ஈரோட்டை பஸ்லயே சுத்திச் சுத்தி சாப்பிட்டோம். பைக், கார் எதுவும் எடுக்கல. பஸ்ஸும் நடையும் மட்டும்தான். எது நல்லா இருந்துச்சுன்னு எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேற கதை வந்துடுச்சு. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2. ஏன் திங்கக்கிழமை? எங்க ஊர் ஜவுளிச் சந்தை திங்கள் சாயங்காலம் ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் நடக்கும். கேரளா, கர்நாடகா, ஆந்திராவுல இருந்தெல்லாம் வியாபாரிங்க வருவாங்க. மூட்டை தூக்கறவங்க, வேன் ஓட்டறவங்க, துணி விக்கறவங்க எல்லாருக்கும் நடுராத்திரியில பசிக்கும். அதனால அன்னிக்கு அடுப்பு அணையாது.

3. முதல் ஸ்டாப் ஜங்ஷன். ஒன்பது மணிக்கு நண்பன் வந்து இறங்கினான். ஸ்டேஷன்லயே ரெண்டு இட்லி, ஒரு வடை, காபி. பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டவர் யார், என்ன ஆளுன்னு நாங்க கேக்கல. அவரும் கேக்கல. இதுல என்ன இருக்குன்னு தோணும். நிறைய இருக்குங்க.

4. சென்னையையும் மேற்குக் கடற்கரையில் இருக்கும் பேப்பூரையும் இணைத்த ரயில் பாதை 1862ல் முடிந்தது. ஈரோடு அந்தப் பாதையில் ஒரு ஊர். 1868ல் திருச்சியில் இருந்து கரூர் வழியாக வந்த பாதையும் இங்கே சேர, ஊர் ஜங்ஷன் ஆனது. கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய நிலை.

5. அதற்குச் சமூகம் கண்டுபிடித்த வழி, தடுப்பு. ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். வடக்கே பல ஸ்டேஷன்களில் குடிதண்ணீரையே இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். டிக்கெட் காசு ஒண்ணுதான். உட்கார இடம் வேற வேற.

6. இதே ஈரோட்டில் 1879ல் பிறந்த ஒருத்தர் 1904ல் காசிக்குப் போனார். கையில் காசில்லை, பசி. அன்னசத்திரத்தில் பிராமணர்களுக்கு மட்டும்தான் சாப்பாடு என்று உள்ளே விடவில்லை. தெருவில் எறிந்த எச்சில் இலையில் இருந்ததைச் சாப்பிட்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் பெரியார். ஈரோட்டில் வசதியான வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை.

7. இருபது வருஷம் கழித்து மறுபடியும் சாப்பாட்டுப் பந்திதான் பிரச்சினை. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்துக்குக் காங்கிரஸ் பணம் கொடுத்திருந்தது. அங்கே பிராமண மாணவர்களுக்குச் சாப்பாடு தனி. 1924, 25ல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதைப் பெரிய விவாதமாக்கினார்கள். 1925 கடைசியில் பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார்.

8. ரயில்வே சாப்பாட்டு அறைகளில் இருந்த பிரிவினை தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941ல்தான் ஒழிந்தது. ரயில் வந்து கிட்டத்தட்ட 80 வருஷம்! எங்க இட்லி மேசைக்குப் பின்னாடி இருக்கற கணக்கு இது.

9. ஜங்ஷன்ல இருந்து டவுன் பஸ் ஏறி பஸ் ஸ்டாண்ட். பஸ் சீட்டுக்கும் ஒரு கதை இருக்கு. தென் மாவட்டங்களில் சில தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்றவே மாட்டார்கள். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த சௌந்தரபாண்டியனார், அப்படிச் செய்தால் பர்மிட்டை ரத்து செய்வேன் என்று உத்தரவு போட்டார். சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் வந்ததே அவரால்தான்.

10. எங்க பஸ்ஸுல வேலை முடிச்சுட்டு வீட்டுக்குப் போற அக்காமார் நிறைய பேர் இருந்தாங்க. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல அவங்களுக்கு டிக்கெட் காசு இல்லை. உட்கார சீட் கிடைச்சதும் பாதிப் பேர் தூங்கிட்டாங்க.

11. அங்க இருந்து திருச்செங்கோடு பஸ். காவிரிப் பாலம் தாண்டினா பள்ளிபாளையம். வந்துட்டு அந்த ஊர் சிக்கனைச் சாப்பிடாம போகலாமா? மசாலாப் பொடி கிடையாது. சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, எண்ணெய். கூட ஒரு கலக்கி. முட்டை முழுசா வேகறதுக்குள்ள எடுத்துடுவாங்க. (டாக்டரா சொல்றேன்: கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயசானவங்க அரைவேக்காடு முட்டையைத் தவிருங்க.)

12. சாப்பிட்டுக்கிட்டே நண்பன் கேட்டான்: "இதெல்லாம் சட்டத்துல எப்ப வந்துச்சு?" 1950 ஜனவரி 26ல் இருந்து. அரசியலமைப்பின் 15வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. மதம், சாதி, பாலினம், பிறந்த இடத்தைக் காட்டி யாரையும் கடைக்குள்ளோ பொது உணவகத்துக்குள்ளோ விடாமல் தடுக்கக் கூடாது. உணவகம்னு தனியா பேர் சொல்லி எழுதியிருக்காங்க. அந்த அளவுக்கு அது பிரச்சினையா இருந்திருக்கு.

13. சட்டம் வந்ததும் எல்லாம் மாறிடல. 1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். நம்ம கொங்கு கிராமங்கள்ல டீக்கடை இரட்டைக் குவளையை நேர்ல பார்த்தவங்க இன்னும் நம்ம கூடத்தான் இருக்காங்க. அதை மறைச்சுட்டு ஊர்ப் பெருமை பேச எனக்கு மனசு வரல.

14. நம்ம ஊர்ல மட்டும்னு இல்ல. 1960 பிப்ரவரி 1, அமெரிக்காவின் கிரீன்ஸ்போரோ நகரம். நாலு கறுப்பின மாணவர்கள் வூல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கடையில் அவர்கள் சாமான் வாங்கலாம், ஆனால் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பரிமாற மறுத்தும் எழுந்திருக்கவில்லை. அதே வருஷம் ஜூலையில் கடை பணிந்தது.

15. திரும்பி வந்து பன்னீர்செல்வம் பார்க் பக்கம் இறங்கினப்போ மணி பன்னிரண்டு தாண்டிடுச்சு. கனி மார்க்கெட் முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. தள்ளுவண்டிக் கடையில ஒரே ஒரு மர பெஞ்ச். மலையாளம் பேசற வியாபாரி, சுமை தூக்கற அண்ணன், நான், நண்பன். நாலு பேரும் இடிச்சுக்கிட்டு உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். சால்னா வாளி ஒண்ணுதான்.

16. உட்காராதவர் ஒருத்தர் மட்டும் இருந்தார். பரோட்டா மாஸ்டர். நான் ஜிஎச்ல டாக்டர்னு தெரிஞ்சதும், "ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு வேட்டியைத் தூக்கிக் காட்டினார். கெண்டைக்கால்ல நரம்பு முறுக்கிக்கிட்டு நிக்குது. உள்பக்கக் கணுக்காலுக்கு மேல தோல் கறுத்து, ஒரு ஆறாத புண். வருஷக்கணக்கா ராத்திரி முழுக்க நின்ன கால்.

17. நாம நரம்புன்னு சொல்றது உண்மையில ரத்தக் குழாய். கால் ரத்தம் மேல ஏற, கெண்டைக்கால் தசை அசைஞ்சு பிழிஞ்சு விடணும். நின்ன இடத்துலயே மணிக்கணக்கா நின்னா ரத்தம் தேங்கும், குழாய்க்குள்ள இருக்கற வால்வு பழுதாகும், கடைசியில புண் வரும். களிம்பு மட்டும் தடவினா ஆறாது. அரசு ஆஸ்பத்திரியில சர்ஜரி ஓபிக்கு வாங்க. பார்த்துட்டுத்தான் அழுத்தக் கட்டா, ஆபரேஷனான்னு முடிவு பண்ணணும்.

18. 2021ல் தமிழ்நாடு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும். துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களின் கால் வலிதான் அதற்குப் பின்னால். சாப்பிடறவன் உட்கார நூறு வருஷம் சண்டை. பரிமாறறவன் உட்கார சட்டம் வந்து சில வருஷம்தான் ஆகுது. தள்ளுவண்டி மாஸ்டர் வரைக்கும் அது இன்னும் வந்து சேரல.

19. கூட்டம் குறைஞ்சதும் பெஞ்ச்ல அவரை உட்கார வச்சு, காலை ஒரு தக்காளி டப்பா மேல தூக்கி வைக்கச் சொன்னேன். "கடைக்காரன் உட்கார்ந்தா யாவாரம் ஆகுமுங்களா?"ன்னு சிரிச்சார். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருப்பார். அதுக்குள்ள ரெண்டு பேர் வந்து செட் பரோட்டா கேட்டாங்க, எந்திரிச்சுட்டார்.

20. வியாழக்கிழமை ஓபிக்கு வரச் சொல்லியிருக்கேன். ராத்திரி கடை வச்சிருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, கல்லு பக்கத்துல ஒரு ஸ்டூல் போடுங்க. ஒரு முக்காலிக்கு ஆகற செலவு, ஆறாத புண்ணுக்கு மாசக்கணக்கா கட்டுப் போடற அலைச்சலை விடக் கம்மிதான்.