சிலோனில் பிறந்தவரும் கார் வயரிங் படமும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது வருடமாகக் கார் எலக்ட்ரீஷியன். எட்டாம் வகுப்பில் பாட்டரியும் பல்பும் வைத்து நான் நடத்திய மின்சுற்றுப் பாடம்தான் தன் தொழிலுக்கு அஸ்திவாரம் என்பார். இந்த முறை முகம் வாடியிருந்தது.

"சார், கடையை மூடிடலாம்னு இருக்கேன். வேலை தெரியும். ஆனா புது வண்டிக்கு வயரிங் டயகிராம் கிடைக்க மாட்டேங்குது. வாட்ஸ்ஆப்புல வந்த படத்தை நம்பி ஒரு வண்டியில கை வெச்சேன். அது வேற வருஷத்து மாடல். கன்ட்ரோல் யூனிட் போச்சு. பதினெட்டாயிரம் என் கையில இருந்து கொடுத்தேன்."

அவர் போன பிறகு யோசித்துக்கொண்டே இருந்தேன். தொழில் தெரிந்த ஒருவர் படம் இல்லாமல் தோற்கும் நிலை எப்படி வந்தது? இதற்கும் ஒரு வரலாறு உண்டு.

அம்பாசிடர் காலத்திலிருந்து தொடங்குகிறேன். அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்தது. அந்தக் கால பிரிட்டிஷ் கார்களின் மின்சாதனங்களில் பெரும்பாலானவை லூகாஸ் நிறுவனத்துடையவை. 1960-களின் தொடக்கத்தில் அதே லூகாஸ், டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் தொழிற்சாலை தொடங்கியது. லூகாஸ் முறையில் ஒயரின் நிறமே ஒரு மொழி. பழுப்பு என்றால் பாட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, இக்னிஷன் சாவி திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, அதன் பிறகு ஃபியூஸ் வழியாகப் போவது. ஊதா, சாவி இல்லாமலும் ஃபியூஸ் வழியாக எப்போதும் மின்சாரம் உள்ளது. சிவப்பு, பார்க்கிங் விளக்கும் பின்விளக்கும். நீலம், ஹெட்லைட். கறுப்பு, எர்த். இதை மனப்பாடம் செய்தவருக்குப் படமே தேவைப்படவில்லை. ஒரு டெஸ்ட் லேம்ப் போதும்.

ஆனால் கம்பெனி போட்ட பழுதுபார்ப்புப் புத்தகங்கள் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்டவை. சாதாரண ஆள் படித்தால் புரியாது. இதை மாற்றியவர் ஜான் ஹேன்ஸ். இவர் 1938-இல் பிறந்தது சிலோனில். அப்பா தேயிலைத் தோட்ட மேலாளர். நம் மக்கள் கொழுந்து பறித்த அதே மலைநாட்டுத் தோட்ட உலகம்தான். பிறகு படிக்க இங்கிலாந்து போனார். பள்ளி மாணவராக இருந்தபோதே ஆஸ்டின் 7 காரை மாற்றிக் கட்டும் விதத்தைச் சிறு புத்தகமாக எழுதி விற்றார்.

பின்னர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து ஏடனில் இருந்தபோது, உடன் பணியாற்றிய ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் காரைச் சரிசெய்ய உதவினார். கம்பெனி புத்தகம் கைகொடுக்கவில்லை. கேமராவை எடுத்தார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, படம் பிடித்து, மறுபடி பூட்டினார். அந்தப் புத்தகம் 1966-இல் வந்தது. முதல் 3,000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. தானே கழற்றிப் பூட்டிப் பார்க்காததை எழுதக் கூடாது என்ற அந்த முறைதான் ஹேன்ஸ் புத்தகங்களின் நம்பகத்தன்மை. ஆசிரியர்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது. ஹேன்ஸ் 2019-இல் காலமானார். அடுத்த ஆண்டே, புதிய கார்களுக்கு அச்சுப் புத்தகம் இனி இல்லை என்று அந்த நிறுவனம் அறிவித்தது.

காரணம், காருக்குள் கம்ப்யூட்டர் புகுந்ததுதான். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரியான ஓ.பி.டி. 2 இணைப்பு கட்டாயமானது. ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண் வரும். ஆனால் அந்த எண் நோயின் பெயரை மட்டும்தான் சொல்லும். எந்த ஒயர் எங்கே அறுந்தது என்று சொல்லாது. அதற்குப் படம் வேண்டும். படம் கம்பெனியிடம் இருக்கிறது.

இதை எதிர்த்து 2012-இல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வாக்குப்போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். சொந்த ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொடுக்கும் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் நியாயமான விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் நாட்டிலும் போராட்டம் நடந்தது. 2011-இல் ஒரு கார் உரிமையாளர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. ஆனால் என் மாணவரின் கடைக்கு அந்தப் பலன் இன்னும் வந்து சேரவில்லை.

அவருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் சேஸிஸ் எண், தயாரிப்பு ஆண்டு, எரிபொருள், மாடலின் வகை இந்த நான்கும் படத்தோடு பொருந்துகிறதா பார். பொருந்தினாலும் உடனே நம்பாதே. படத்தில் ஏதாவது மூன்று ஒயரைத் தேர்ந்தெடுத்து, நிறமும் கனெக்டர் பின் எண்ணும் வண்டியில் அப்படியே இருக்கிறதா என்று சரிபார். ஒன்று மாறினாலும் படத்தை மூடிவை. கன்ட்ரோல் யூனிட் ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைக்காதே, மல்டிமீட்டர் வை. நீ சரிசெய்த ஒவ்வொரு வண்டியையும் கேமராவில் பிடித்து, நோட்டில் எழுதி வை.

"ஹேன்ஸ் மாதிரியா சார்?" என்று சிரித்தார். நேற்று போன் செய்தார். 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிவிட்டாராம். கடை இப்போதைக்கு மூடவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் தலைக்குள் இருக்கும் படங்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.