ஹானர்ஸ் ஆண்டு (ஆஸ்திரேலியா)

ஹானர்ஸ் ஆண்டு என்பது ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் முடித்தவர் விரும்பிப் பயிலும் ஓராண்டு ஆய்வுப் படிப்பு. அந்நாட்டுத் தகுதிச் சட்டகத்தில் இளநிலைப் பட்டம் 7ஆம் நிலையிலும், ஹானர்ஸ் பட்டம் 8ஆம் நிலையிலும் உள்ளன. பொறியியல், சட்டம் போன்ற நான்காண்டுப் படிப்புகளில் இது தனி ஆண்டாக அன்றி, படிப்புக்குள்ளேயே அடங்குவதுண்டு.

சேர்க்கைக்கு முதன்மைப் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும், நெறியாளராக இருக்க ஒரு பேராசிரியரின் இசைவும் பொதுவாகத் தேவை. சில பாடங்களுடன் ஆய்வேடும் எழுத வேண்டும். மதிப்பீட்டில் பெரும்பாலும் ஆய்வேட்டுக்கே கூடுதல் எடை. அறிவியல் மாணவர் ஆண்டின் பெரும்பகுதியை ஆய்வகத்தில் கழிப்பர். கலைப்புலத் துறைகளில் ஆய்வேடு ஏறத்தாழ 15,000 முதல் 20,000 சொற்கள் வரை அமையும்.

தேர்ச்சி முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பின் அ, ஆ பிரிவுகள், மூன்றாம் வகுப்பு எனத் தரப்படுத்தப்படும். பல பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்புக்கு 80 மதிப்பெண் வேண்டும். முதல் வகுப்பு பெற்றவர் முதுநிலைப் பட்டமின்றியே முனைவர் படிப்பில் சேரலாம். ஆய்வு உதவித்தொகைப் போட்டியிலும் இவ்வகுப்பே பெரிதும் கைகொடுக்கும். நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் இத்தகைய ஓராண்டுப் படிப்பு உண்டு. இந்தியாவில் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டி அறிமுகமான நான்காண்டு ஆய்வு ஹானர்ஸ் பட்டமும் இதற்கு நெருக்கமானது.