மன்னார்க் கரையும் வைத்தியர் வேதனமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மன்னார்க் குடாவில் முத்துச்சலாபம் நடைபெற்ற பருவங்களில், மரிச்சுக்கட்டிக் கடற்கரையிலே கொட்டில்களாலான பெருநகரொன்று எழும். நீதிமன்றம், தபாற்கந்தோர் ஆகியவற்றோடு வைத்தியசாலையும் அங்கு அமையும். சலாபம் முடிந்ததும் நகர் கலையும். முத்துக்காக வந்த வைத்தியசாலையும் முத்தோடு மறையும். வைத்தியர் வேதனம் பற்றி ஆராயப் புகுவோர் இக்காட்சியை மனத்திற் கொள்ளுதல் நன்று. வருவாய் உள்ள இடத்தையே வைத்தியமும் நாடுமாயின், வருவாயற்ற கரையின் கதி யாது?

நம் நாட்டு வைத்தியர் பெறும் வேதனம், பிறநாட்டு வைத்தியர் பெறுவதோடு ஒப்பிடுகையில் நியாயமானதா என்பது இன்று அடிக்கடி எழும் வினா. ஆனால் வைத்தியர் சம்பளத்தை நாடித் தம்மூரை விட்டகல்வர் என்ற கவலை புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடித் தொலைவிடஞ் செல்வர். தமிழிற் கற்றோர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அதற்கு அவர் கண்ட காரணங்களுள் ஒன்று. 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. அங்கு பயிற்சி ஆங்கிலத்தில் அமைந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அதன் தகைமையைப் பிரித்தானியா ஏற்றுக்கொண்டது. அன்றே நம் வைத்தியருக்குக் கடல்கடந்த சந்தையொன்று திறந்தது; ஒப்பீடும் உடன் பிறந்தது.

ஒப்பிடுவதாயின் கணக்கு முழுமையாதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் கடன்பட்டுக் கற்கும் வைத்தியரின் கடன் பொதுவாக இரண்டு இலட்சம் டொலர் அளவினது. இலங்கையிலோ 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனாக, அரச மருத்துவ பீடத்திற் பயில்வோரின் செலவைப் பொதுமக்கள் ஏற்கின்றனர். பேசாலை மீனவன் வாங்கும் சீனியில் அடங்கிய வரி அச்செலவிற் சேர்கிறது. உயர்ந்த ஊதியம் பெறுவதாக நாம் எண்ணும் பிரித்தானியாவிலும், ஊதியம் தேய்ந்ததென இளநிலை வைத்தியர் 2023, 2024ஆம் ஆண்டுகளிற் பலமுறை வேலைநிறுத்தஞ் செய்தனர்.

நாணய மாற்று விகிதமும் நேர்மையான அளவுகோலன்று. 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை சில மாதங்களில் 350 ரூபாவைக் கடந்தது. வைத்தியரின் சம்பளம் டொலர்க் கணக்கிற் பாதியளவாயிற்று. அவர்தம் திறனோ உழைப்போ பாதியாகவில்லை. எனினும் விலைவாசி உயர்வால் அவர்கள் வாழ்க்கை நெருக்குண்டதும், பலர் நாட்டைவிட்டு ஏகியதும் மறுக்கவியலா உண்மைகள். ஆகவே உயர்வு கோருவது பேராசையென்று தள்ளிவிடுதல் முறையன்று. 2024 சனவரியில் வைத்தியருக்கான கொடுப்பனவொன்றை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்த அமைச்சரவை இணங்கியபோது, ஏனைய சுகாதார ஊழியர் தமக்கும் உயர்வு வேண்டுமென வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எவருக்கு எவ்வளவு என்பதே அன்றும் வாதமாயிற்று; எங்கே பணிபுரிவோருக்கு என்ற வினா பின்தள்ளப்பட்டது.

இங்கேயே நம் கருத்து நிற்கிறது. 1970இல் ஆட்சிக்கு வந்த அரசு, அரச வைத்தியர் தனியார் சிகிச்சை செய்வதைத் தடுத்தது. 1977இன் பின்னர் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் விளைவை ஊன்றி நோக்குக. கொழும்பிலும் கண்டியிலும் பணியாற்றும் வைத்திய நிபுணருக்கு மாலைவேளையில் தனியார் சிகிச்சையால் வரும் வருவாய் பெரிது. செல்வர் குறைந்த மன்னாரில் அத்தகைய வாய்ப்பு மிகச் சிறிது. எனவே ஒரே சம்பளப் பட்டியல் இரு இடத்தும் ஒரே வருவாயைத் தருவதில்லை. தலைமன்னாரில் நள்ளிரவில் நோயுற்றவன், நிபுணரைத் தேடி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அம்புலன்சிற் செல்ல நேருமாயின், சமமெனத் தோன்றும் அப்பட்டியலின் விலையைச் செலுத்துபவன் அவனே. இலண்டனோடு கொழும்பை ஒப்பிடுமுன், கொழும்போடு மன்னாரை ஒப்பிடுதலே நீதி. பின்தங்கிய இடத்துப் பணிக்கு மிகுந்த கொடுப்பனவும், தங்கத் தகுந்த விடுதியும், மேற்படிப்பில் முன்னுரிமையும் அளிக்கும் உயர்வு நியாயமானது. இடம் நோக்காத உயர்வு, உள்ள ஏற்றத்தாழ்வையே பெருக்கும்.

பழைய சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு குளித்தவருக்கும், இரு பங்கு அரசுக்கும் எனப் பிரிப்பர். அப்பிரிவு நீதியானதோ அன்றோ, இன்னாருக்கு இவ்வளவு என்பது கரையிலேயே கண்முன் எண்ணப்பட்டது. ஒரு வைத்தியரை உருவாக்கிய செலவில் மன்னார் மக்களின் பங்கும் உண்டு. வேதனத்தைக் கணக்கிடுவோர் அப்பங்கையும் எண்ணிக் கொடுத்தல் கடனாகும்.