காப்பிக் கடையில் பிறந்த பொறியாளர் கழகம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் வெளியே பாருங்கள். ஏரிக்கரைகளைத் தாண்டி நீளநீளமாகத் தொழிற்கூடங்கள் தெரியும். அவற்றின் கூரைகளும் சுவர்களும் பெரும்பாலும் ஒரே வகைத் தகட்டால் ஆனவை. அந்தத் தகடு தட்டையாக இராது. மேடும் பள்ளமுமாக நெளிந்திருக்கும். ஏன் அப்படி?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு புத்தகங்களைச் சற்று இடைவெளி விட்டு வைத்து, அவற்றின்மேல் ஒரு தாளைப் பாலம்போல் இடுங்கள். தாள் தொய்ந்து விழும். அதே தாளை விசிறிபோல் மடித்து வையுங்கள். இப்போது அதன்மேல் ஒரு பென்சிலையே வைக்கலாம். பொருள் மாறவில்லை, வடிவம் மாறியது. வளையாமல் தாங்கும் ஆற்றல் பன்மடங்கு பெருகியது. இரும்புத் தகட்டை இவ்வாறு நெளித்துக் கூரையாக்கும் முறைக்கு 1829ஆம் ஆண்டு இலண்டனில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ராபின்சன் பால்மர் என்னும் பொறியாளர்.

ஆனால் இக்கட்டுரை கூரையைப் பற்றியதன்று. இதே பால்மர், அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு, இருபதுகளின் நடுவில் இருந்தபோது செய்த வேறொரு செயலைப் பற்றியது.

பெரியோர் விருந்தும் இளையோர் கூட்டமும்

அக்காலத்தில் இங்கிலாந்தில் பொறியியல் கற்க விரும்பும் இளைஞன் ஒரு மூத்த பொறியாளரிடம் பணம் கட்டிப் பழகுநனாகச் சேர வேண்டும். அவர் சொல்லிக் கொடுப்பதே பாடம். பால்மரும் பிரையன் டாங்கின் என்ற எந்திரப் பொறியாளரிடம் பழகியவர்தாம்.

பொறியாளர்களுக்கென ஒரு சங்கம் அப்போதே இருந்தது. ஜான் ஸ்மீட்டன் முதலியோர் 1771இல் தொடங்கியது அது. ஆனால் அது பெயர் பெற்ற பெரியவர்கள் கூடி விருந்துண்டு உரையாடும் குழு. தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞனுக்கு அங்கே நாற்காலி இல்லை.

இளைஞர்கள் என்ன செய்தார்கள்? 1818ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள், இலண்டன் பிளீட் தெருவில் இருந்த கெண்டல் காப்பிக் கடையில் சிலர் கூடினர். பால்மரும் ஜோஷுவா ஃபீல்டும் அவர்களுள் இருந்தனர். ஒருவர் அறிந்ததை மற்றவருக்குச் சொல்வோம், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்போம் என்பதே அவர்கள் கொண்ட நோக்கம். அறிவியல் அறிஞருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் இடையே நின்று, இருவர் மொழியையும் அறிந்திருப்பவரே பொறியாளர் என்பது பால்மரின் கருத்து. இன்று உலகெங்கும் பெயர் பெற்றிருக்கும் சிவில் பொறியாளர் கழகம் இவ்வாறு பிறந்தது.

ஆர்வம் இருந்தது, ஆள் சேரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழகம் தவழ்ந்தது. 1820இல் அவர்கள் தாமஸ் டெல்ஃபோர்டை அணுகித் தலைவராக வருமாறு வேண்டினர். கற்கொத்தரிடம் பழகுநராகத் தொடங்கிப் பெரும் பாலங்களையும் கால்வாய்களையும் கட்டியவர் டெல்ஃபோர்டு. அவர் வந்தார். அவர் பின்னே மற்றவர்களும் வந்தனர். 1828இல் கழகத்திற்கு அரச சாசனம் கிடைத்தது.

படிகளும் வாக்குகளும்

சாசனம் பெருமையைத் தந்தது. அதனோடு படிநிலைகளையும் உறுதிப்படுத்தியது. தகுதி பெற்ற உறுப்பினர் யார், துணை உறுப்பினர் யார் என்று விதிகள் வரையறுத்தன. பின்னாளில் மாணவர்களுக்கென்றே தனி வகுப்பு ஏற்பட்டது. மாணவர் கூட்டங்களுக்கு வரலாம்; நூலகத்தில் படிக்கலாம்; கட்டுரையும் வாசிக்கலாம். ஆனால் ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அவரிடம் இல்லை. இளைஞர் தொடங்கிய வீட்டிலேயே இளைஞர் திண்ணைக்கு வந்துவிட்டார்!

இதைக் குற்றமாக மட்டும் கருதிவிடக் கூடாது. பாலம் இடிந்தால் உயிர் போகும். யார் தகுதியுடையவர் என்று சொல்ல ஒரு கழகம் வேண்டும்; தகுதியை அளக்கப் படிகளும் வேண்டும். ஆனால் தகுதிச் சான்று வழங்குவது வேறு. கற்பவனின் குரலைக் கேட்பது வேறு. இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பியதால் வந்த வினையே இது.

சென்னையில் பதிந்த கழகம்

இந்தியாவிற்கு வருவோம். சர் தாமஸ் ஹாலந்து தலைமையில் 1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையம், இந்நாட்டுப் பொறியாளர்களுக்கு ஒரு கழகம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இந்தியப் பொறியாளர் கழகம் 1920 செப்டம்பர் 13 அன்று நம் சென்னையில் பதிவு செய்யப்பட்டது. 1921இல் கல்கத்தாவில் தொடக்க விழா நடந்தது. 1935இல் அரச சாசனம் கிடைத்தது.

இக்கழகம் ஓர் அரிய பணியைச் செய்தது. 1928 முதல் அது நடத்திய தேர்வுகளின் வழியே, கல்லூரி வாயிலை மிதிக்க வசதியில்லாத ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பொறியாளர் ஆயினர். ‘ஏ.எம்.ஐ.இ.’ என்ற எழுத்துகளைப் பெயருக்குப் பின்னே எழுதிக்கொண்ட ஒருவர் உங்கள் உறவிலும் இருக்கக்கூடும். ஆயினும் அமைப்பு முறை இலண்டன் முறையே. மாணவ உறுப்பினர் உண்டு. வாக்குரிமை, தகுதி பெற்ற உறுப்பினருக்கே.

பழகுநரின் இடம் எது?

இப்போது மீண்டும் நம் பேருந்துச் சாலைக்கு வாருங்கள். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை தொடங்கிற்று. உதிரிப் பாகம் செய்யும் கூடங்கள் சுற்றிலும் பெருகின. ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் முடித்த பிள்ளைகள் பல மாவட்டங்களிலிருந்து ‘அப்ரண்டிஸ்’களாக இங்கே வந்து இறங்குகிறார்கள்.

அவர்களுக்கான சட்டம் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம். பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்று அதன் 18ஆம் பிரிவு எழுதியது. அதே சட்டம் உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றில் தொழிலாளருக்குரிய காப்பைப் பழகுநருக்கும் அளித்தது. காயம்பட்டால் இழப்பீடும் உண்டு என்றது. நல்லதே. ஆனால் ஆலோசனை கூற அச்சட்டம் அமைத்த மத்தியத் தொழிற்பழகுநர் மன்றத்தில் யார் யார் அமரலாம் என்ற பட்டியலைப் பாருங்கள். முதலாளிகளின் பிரதிநிதிகள், மத்திய மாநில அரசுகளின் பிரதிநிதிகள், தொழில் துறை வல்லுநர்கள், தொழில்நுட்பக் கல்விக் குழுவினர். பழகுநரின் பெயரால் அமைந்த அம்மன்றத்தில், பழகுநர்களின் பிரதிநிதி என்று ஒரு வரி எழுதப்படவில்லை.

கற்பவன் கண்ணுக்குத் தெரிவது

அனுபவமில்லாத பையனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

தகடு அழுத்தும் ‘பிரஸ்’ எந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் எந்திரம் இயங்கும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். ஆனால் எதுவும் நொடியில் நிற்பதில்லை. மனிதக் கை ஒரு நொடியில் சுமார் 1.6 மீட்டர் பாயும் என்று கொண்டு பாதுகாப்புக் கணக்கு போடுகிறார்கள். எந்திரம் நிற்க 0.2 நொடி ஆகுமானால் அதற்குள் கை 32 சென்டிமீட்டர் போய்விடும். எனவே பொத்தான் அதைவிடத் தள்ளி இருக்க வேண்டும். பிரேக் தேய்ந்து, நிற்கும் நேரம் 0.3 நொடியானால்? கை 48 சென்டிமீட்டர் போகும். நேற்றுப் போதுமாயிருந்த தூரம் இன்று விரலைக் காக்காது.

இந்தக் கணக்கைப் போடுபவர் மேசையில் இருக்கிறார். ‘முன்னைவிடச் சற்றுத் தாமதமாக நிற்கிறதே’ என்று முதலில் உணர்பவர், நாள் முழுதும் அதன்முன் நிற்கும் பையன். பழகியவர்களுக்குக் குறை கண்ணில் படாமல் போகும், புதியவனுக்குப் படும். அவன் சொன்னால் ஏறும் சபை ஒன்று வேண்டும் அல்லவா?

நாற்காலி மட்டும் போதுமா?

இவ்வழியில் சென்றவர்கள் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1979இல் மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவு அமைத்தது. அச்சங்கத்தின் பேரவையில் இன்று மாணவப் பேராளர்கள் வாக்களிக்கிறார்கள். அறங்காவலர் குழுவிலும் ஒரு மாணவருக்கு இடம் உண்டு.

ஆனால் இடம் கொடுத்தால் மட்டும் குரல் வந்துவிடாது. மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது வாக்கு. பார்வையாளராக அமர்த்தி, முடிவில் நன்றி கூறி அனுப்புவது அலங்காரமே. இரண்டாவது காகிதம். நிகழ்ச்சி நிரலும் வரவு செலவுக் கணக்கும் முன்கூட்டியே கைக்கு வர வேண்டும். கூட்ட அறையில் முதன்முறை பார்ப்பவரால் கேள்வி கேட்க இயலாது. மூன்றாவது தொடர்ச்சி. மாணவர் ஓராண்டில் போய்விடுவார். ஆட்சிக்குழுவினர் பல்லாண்டு இருப்பார்கள். ஆகவே அடுத்து வருபவரை ஆறு மாதம் முன்பே தேர்ந்து உடன் அமர்த்த வேண்டும். என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்ற குறிப்பேடு கைமாற வேண்டும்.

பேராளருக்கும் கடமை உண்டு. அவர் பேசுவது தம் கருத்தையன்று. தம்மை அனுப்பியவர்களின் கருத்தை. கூட்டத்திற்கு முன் அவர்களைக் கேட்க வேண்டும்; கூட்டத்திற்குப் பின் அவர்களிடம் திரும்பிச் சென்று, தோற்றதையும் சொல்ல வேண்டும்.

நம் பிள்ளைகளால் இது முடியுமா என்று ஐயுற வேண்டாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 2011இல் இந்திய வாகனப் பொறியாளர் சங்கம் நடத்திய ‘சுப்ரா’ போட்டியில், மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டிய பந்தயக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிரேக் சோதனையில் தேறாத கார் ஓட முடியாது என்ற விதிக்கு உட்பட்டே ஓட்டினார்கள். விதிக்குக் கட்டுப்பட்டுக் கார் கட்டத் தெரிந்தவர்களுக்கு, விதி செய்யும் மேசையிலும் சொல்ல ஏதேனும் இருக்கும்.

வேலை முடிந்த பின் ஒரகடம் கூட்டுச் சாலைத் தேநீர்க் கடையில் நிற்கும் இளைஞர்களைக் கவனியுங்கள். எந்த எந்திரம் தகராறு செய்கிறது, எந்தப் பயிற்சி வீண் என்பதையே பேசிக்கொண்டிருப்பார்கள். 1818இல் காப்பிக் கடையில் நடந்ததும் இத்தகைய பேச்சுத்தான். அன்று அதை ஒருவர் குறித்து வைத்தார். அடுத்த கூட்டத்திற்கு நாள் குறித்தார்கள். கழகம் பிறந்தது. உங்களில் பழகுநராக இருப்பவர்கள் முதலில் ஒரு குறிப்பேடு வாங்குங்கள்.