வெண்கல மனிதனிடம் ஒரு பரீட்சை

அக்குபங்சர் படித்த மாணவர்களுக்குப் பழைய சீனாவில் நடந்த பரீட்சை ரொம்பவே வித்தியாசமானது. ஆள் உயரத்துக்கு ஒரு வெண்கலச் சிலை நிற்கும். உடம்பெல்லாம் ஊசி நுழையும் அளவுக்குத் துளைகள். வெளியே மெழுகு பூசித் துளைகளை மறைத்துவிடுவார்கள். உள்ளே தண்ணீர் (பாதரசம் என்றும் சொல்வதுண்டு). ஆசிரியர் புள்ளியின் பெயரைச் சொன்னதும் மாணவன் குத்த வேண்டும். இடம் சரியென்றால் தண்ணீர் கசியும். தப்பென்றால் ஊசி உள்ளேயே போகாது. மதிப்பெண் கேட்டுச் சண்டை போட வழியே இல்லை!

இந்தச் சிலைக்கு ஒரு தேவை இருந்தது. நூல்களைப் படியெடுத்துப் படியெடுத்து, ஊசி குத்தும் இடங்கள் நூலுக்கு நூல் மாறிப் போயிருந்தன. சோங் வம்சப் பேரரசர் ரென்சோங்கின் ஆணைப்படி, வாங் வெய்யி என்ற அரசு மருத்துவர் 1026ல் 354 புள்ளிகளை விளக்கி ஒரு நூல் தொகுத்தார். இனிமேல் பிழை புகக் கூடாது என்று அதைக் கல்லிலும் வெட்டினார்கள். 1027ல் இரண்டு சிலைகள் வார்க்கப்பட்டன. பல புள்ளிகள் உடம்பின் இரு பக்கமும் வருவதால் துளைகள் மொத்தம் 657. சிலை பழுதாகித் தேய்ந்த பிறகு, மிங் ஆட்சியில் 1443ல் புதிதாக ஒன்று வார்த்தார்கள்.

ஆனால் வெண்கலத்துக்கு நாடித்துடிப்பு கிடையாது, வலிக்காது. எங்கே குத்துவது என்பதைத்தான் அது சோதித்தது. குத்தினால் நோய் தீருமா என்பது வேறு கேள்வி.

சிலை செய்ய ஆணையிட்டதும் ஓர் அரண்மனைதான், பாடத்தை நிறுத்தியதும் ஓர் அரண்மனைதான். 1822ல் சிங் வம்சப் பேரரசர் தாவோகுவாங், அரச மருத்துவக் கழகத்தின் அக்குபங்சர் துறையை மூடிவிட்டார். மன்னர் உடம்பில் ஊசி குத்துவதும் சூடு வைப்பதும் தகாது என்பது காரணம்! வெளியே மக்களிடம் வைத்தியம் தொடர்ந்தது. 1929ல் பாரம்பரிய மருத்துவத்தையே ஒழிக்க ஒரு தீர்மானம் வந்து, எதிர்ப்பினால் நடைமுறைக்கு வரவில்லை. 1956ல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் கல்லூரிகளே திறந்தார்கள்.

அந்த வேறு கேள்விக்கு வருவோம். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1162 பேரிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2007ல் வெளியானது. ஒரு குழுவுக்கு முறைப்படி ஊசி. இன்னொரு குழுவுக்கு வேண்டுமென்றே புள்ளி அல்லாத இடங்களில், மேலோட்டமாக ஊசி. மூன்றாவது குழுவுக்கு மருந்து, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பலன் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம்.

ஆதரிப்பவர்கள் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் காட்டுகிறார்கள். எதிர்ப்பவர்கள் முதல் இரண்டையும் காட்டுகிறார்கள். சிக்கல் வெண்கல மனிதனுக்குத்தான். இரண்டாம் குழுவுக்குப் போட்ட ஊசிகளைச் சிலையில் குத்தியிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்திருக்காது, ஆனாலும் பலன் ஏறக்குறைய அதேதான்! அதற்காக இடம் தெரியாமல் குத்தலாம் என்றும் இல்லை. மார்பிலோ மேல்முதுகிலோ ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலில் ஓட்டை விழும்.