சலவையகத்தில் ஒரு தொடுதிரை: அமெரிக்க ஏழைப் பெண்களும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வும்

மேமோகிராம் என்னும் ஊடுகதிர்ப் படத்தின்வழி மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியலாம் என்ற செய்தி, அமெரிக்காவில் காப்பீடற்ற ஏழைப் பெண்களை எவ்வாறு சென்றடைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

1990இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், இப்பெண்களின் மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு நிதி ஒதுக்கியது, சிகிச்சைக்கு ஒதுக்கவில்லை. மெடிக்கெய்ட் திட்டத்தின்கீழ் மாநிலங்கள் சிகிச்சை அளிக்க வழிவகுத்த சட்டம் 2000இல்தான் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில், நோயுண்டு என்று அறிந்த பெண் செலவிற்கு யாரிடம் செல்வது என்பதற்கு உறுதியான விடை இல்லை. பரிசோதனைக்கு வராதோரை அறியாமையுடையோர் என எளிதில் முத்திரை குத்தும் எழுத்துகள் இதனை மறந்துவிடுகின்றன.

1990களின் தொடக்கத்தில் ஆர்கன்சா மாநிலத்தில் ‘விட்னஸ்’ திட்டம் உருவானது. நோயிலிருந்து மீண்ட ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் தேவாலயங்களில் தம் அனுபவத்தைச் சாட்சியாக உரைத்தனர். கேட்போர் அங்கேயே வினவலாம். துண்டறிக்கையில் இல்லாத இவ்வுரையாடலையே பின்னாளில் கணினியிடமும் எதிர்பார்த்தனர் எனலாம்.

மிசௌரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் ‘ரிஃப்ளெக்‌ஷன்ஸ் ஆஃப் யூ’ என்னும் தொடுதிரைக் கருவியை ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களுக்கென உருவாக்கினர். திரையில் தோன்றும் வினாக்களுக்கு ஒருவர் அளிக்கும் விடைகளுக்கேற்ப, அவருக்கென்றே அமைந்த செய்திகள் அச்சாகி வரும். அழகு நிலையம், தேவாலயம், நலவாழ்வு மையம், நூலகம், சமூக உதவி அலுவலகம், நலவாழ்வுக் கண்காட்சி, காசு போட்டுத் துணி துவைக்கும் பொதுச் சலவையகம் என ஏழு வகை இடங்களில் அது வைக்கப்பட்டது. 2008இல் வெளிவந்த ஆய்வின்படி, மிகுதியான பயன்பாடும் உரிய பயனாளரும் ஒருசேர அமைந்த இடம் சலவையகம் ஒன்றே. காப்பீடில்லாதோர், அண்மையில் மேமோகிராம் எடுக்காதோர், அதனை எங்கே எடுப்பது என்று அறியாதோர் அங்கேதான் பெருமளவில் கருவியைத் தொட்டனர்.

இதற்கான காரணம் கருவியின் நுட்பத்தில் இல்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. வீட்டில் சலவை இயந்திரம் இல்லாதவரே அங்கு வருகின்றார். துணி துவைந்து உலரும்வரை அவர் காத்திருக்கவும் வேண்டும். வேறெங்கும் கிட்டாத ஓய்வு நேரம் அது. வறுமையே அவரை அவ்விடத்திற்கு அழைத்து வந்தது; ஆய்வாளர்கள் செய்தது, அவர் ஏற்கெனவே அமர்ந்திருந்த இடத்தைக் கண்டுகொண்டது. எனினும் அவ்வாய்வு அளந்தது கருவியைத் தொட்டவர் யார், எத்தனை பேர் என்பதையே. அச்சிட்ட தாளுடன் பரிசோதனை மையத்தின் வாயில்வரை சென்றவர்களின் கணக்கு அந்த அளவீட்டிற்குள் அடங்காது.