பரம்பரை வீக்க நோய் இருக்கா? கருத்தடை மாத்திரை போடும் முன் இதைக் கவனிங்க!

கருத்தடை மாத்திரை தொடங்கிய பிறகு உதடு, கை, வயிறு என மாறி மாறி வீக்கம். அலர்ஜி ஊசி போட்டும் குறையவில்லை. சில பெண்களுக்கு 'ஹெரிடிட்டரி ஆஞ்சியோஎடிமா' என்ற பரம்பரை வீக்க நோய் முதன்முதலில் தெரிய வருவதே இப்படித்தான்.

இது என்ன நோய்?

சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய். பெரும்பாலும் ரத்தத்தில் 'சி1 இன்ஹிபிட்டர்' புரதம் குறைவதே காரணம். இதனால் 'பிராடிகைனின்' அதிகமாகி, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வீக்கம் வரும். அரிப்பு இருக்காது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50% வாய்ப்பு.

எதைத் தவிர்க்கணும்?

ஈஸ்ட்ரோஜன் பிராடிகைனினை அதிகரிக்கும். அதனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் வேண்டாம். அரசு வழங்கும் 'மாலா-என்' மாத்திரையிலும் இது உண்டு.

எது பாதுகாப்பானது?

* புரோஜெஸ்டின் மட்டுமே உள்ள மாத்திரை (பலருக்கு வீக்கம் வருவதும் குறைகிறது)
* புரோஜெஸ்டின் ஊசி (அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா')
* புரோஜெஸ்டின் உள்ள கருப்பை சாதனம்
* ஹார்மோனே இல்லாத காப்பர்-டி, ஆணுறை

டானசால் எடுக்கிறீங்களா?

வீக்கத்தைத் தடுக்கத் தரும் இந்த மருந்து, வயிற்றில் வளரும் பெண் சிசுவைப் பாதிக்கும். எனவே ஹார்மோன் இல்லாத, நம்பகமான கருத்தடை அவசியம்.

எப்போது ஆபத்து?

தொண்டை வீங்கினால் மூச்சு அடைத்து உயிரே போகலாம். குரல் மாறினாலோ, விழுங்க முடியாவிட்டாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போகணும். அங்கே பரம்பரை நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிடுங்க. வழக்கமான அலர்ஜி மருந்துகள் இதற்கு வேலை செய்யாது.